கார்டுக்கு அரைப் பேர்

“ஒனக்கு மட்டும் எப்படிடி இந்தப் பொட்டி சொன்ன பேச்சு கேக்குது?” என்று யசோதினி ஒருமுறை கேட்டாள். நான் அதைப் பற்றி வாசித்தேன், அவ்வளவுதான். பத்தாம் தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வாசிக்க நேரம் நிறைய. நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழகக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது பிடிபடாததால் அறைச் சாவி என்னிடம் வந்தது.

யசோதினி எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரி. என்னிடம் தானாக வந்து பேசுகிற ஒரே ஆள். கொழும்பில் கார்ட்டூன் செய்யும் நிறுவனம் ஒன்று அவளுக்குப் பத்து நாள் தந்திருந்தது. மூன்று நிமிடப் படம் ஒன்று செய்து அனுப்ப வேண்டும், பிடித்துப்போனால் வேலை. அவள் படத்தில் பெண்கள் மழைக்குள் கொழுந்துக் கூடையோடு மலையேறுவார்கள். அதைக் கணினி ஒவ்வொரு காட்சியாக வரைந்து முடிக்க வேண்டும்.

வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதை முழு வேகத்திலும் விடலாம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், பல மடங்கு குறைந்த வேகத்திலும் விடலாம். கணினியைப் போட்டதுமே குறைந்த வேகத்துக்குப் போகும்படி ஒரு வரி எழுதி வைத்தேன். எங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கும்; கார்டைக் காப்பது என் பொறுப்பு. மலையில் கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர் போடுவார்கள், முழு நாள் நின்றாலும் அரை நாள்தான் என்று. நான் கார்டுக்கு அரைப் பேர் போட்டேன். அதில் யாருக்கும் காயமில்லை.

“இதவிட நம்ம கொழுந்து லொறி வேகமா ஏறிருமேடி. கார்டு பழுதா?” என்று யசோதினி கேட்டாள்.

“கார்டு நல்லாத்தான் இருக்கு. ஒன் படந்தான் பாரம். எதையாச்சும் எடுத்துரு.”

முதலில் மழையை எடுத்தாள். பிறகு மூடுபனியை. ஒன்றை எடுத்தால் கணினி முதலிலிருந்து வரையத் தொடங்கும். அறையை நான் பின்னேரம் மூன்று மணித்தியாலம்தான் திறப்பேன். எட்டாம் நாள் கூடைகள் போயின. ஒன்பதாம் நாள் பெண்களும்.

“எனக்கு இதெல்லாம் வராதுடி. அளவு தெரியாமச் செஞ்சிட்டேன்,” என்று அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

வெறும் பாதை ஒன்றை அனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அவளும் மலையில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாள். வேலை முடிந்து தினமும் என்னிடம் வந்தாள். அவை நல்ல நாட்கள்.

அவளுடைய எதையும் நான் அழிக்கவில்லை. முதல் நாளே முழுப் படத்தையும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் என் வரியை நீக்கி, கார்டை முழு வேகத்தில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். மழை, மூடுபனி, கூடைகள், பெண்கள், எல்லாம் இருந்தன. பரிசாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

“ரெண்டே பின்னேரம்டி, முடிஞ்சிருச்சு,” என்றேன். “அன்னைக்கு நாந்தான் வேகத்தக் கொறச்சு வச்சேன். நீ கொழும்புக்குப் போயிருந்தா இங்க எனக்கு யாரு இருக்கா?”

நான் ஒருவரிடம் ஒரேயடியாக இவ்வளவு பேசியது அன்றுதான்.

அவள் படத்தை முடியும்வரை பார்த்தாள். எழுந்தாள். கதவைச் சத்தமின்றிச் சாத்திவிட்டுப் போனாள். கோபமிருந்தால் அடித்துச் சாத்தியிருப்பாள்.