என் மில் போர்டு

ஒற்றை ஆளாக ரைஸ் மில், களம், மாடி வீடு எல்லாம் கட்டியவன் நான்; படிப்பு மூன்றாம் வகுப்பு. நேற்று கும்பகோணம் பஸ்ஸில் என் முன்சீட்டில் பேங்க் பரீட்சைக்குப் போகும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“பரீட்சையில குடுக்கற நாலு இங்கிலீஷ் வாக்கியத்துக்கும் ஒரே அர்த்தம்டி. தெளிவா, சுருக்கமா இருக்கறதை எடுக்கணுமாம். நான் பெருசையே எடுத்து ரெண்டு தடவை கோட்டை விட்டேன்.”

“வெளிய பாரு, மில்லு போர்டு. ‘தங்கள் நெல்லானது நல்ல முறையில் அரைத்துக் கொடுக்கப்படும்.’ படிக்கறதுக்குள்ள பஸ்ஸே தாண்டிடுச்சு. அடுத்த மில்லு?”

“‘நெல் அரைக்கிறோம்.’ அட, இவ்வளவுதானா!”

அப்புறம் தோழி புத்தகத்தைப் பார்த்துக் கேட்ட பத்துக் கேள்விக்கும், இரண்டு தடவை கோட்டை விட்டவள் சரியாகச் சொல்லிக் கைதட்டிச் சிரித்தாள்.

அந்த இரண்டாவது போர்டு என்னுடையது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் எனக்கே புரியட்டும் என்று நான் சொல்லி எழுதவைத்தது. அவளுக்கு வேலை கிடைத்தால், பாடம் சொன்னது என் போர்டு என்று ஊரறியச் சொல்லியாக வேண்டும்.