ரிஜெக்சன்ல போன பீஸ்

இல்லீங்க கண்ணு, காப்பியெல்லாம் வேண்டாம். சாப்பாட்டு பெல்லு அடிச்சதும் கேட்டுல சொல்லிப்போட்டு ஓடியாந்தனுங்க. அந்தப் பழைய போட்டோவக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கறையெல்லாம் தொடச்சுப்போட்டு, புதுசா பிரிண்ட் அடிக்கப் போறீங்களாமா? அது வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்.

ஆமாங்க, நேத்து அருள்புரத்துலிருந்து உங்க கண்காட்சிக்கு வேன்ல வந்தோமே, பனியன் பீஸ்ல கறை, ஓட்ட பாத்து ஒதுக்கற செக்கிங் கும்பல், அதுல நானும் ஒருத்தி. பழனியம்மாள். கன்னத்தப் பாக்கறீங்களா? மையில்லீங்க, மச்சம். பொறந்ததுலிருந்தே இருக்குது, தொடச்சாலும் போகாது.

தப்பு எங்க மேலதானுங்க. ஆனா நீங்களும் கொஞ்சம் யோசிச்சிருக்கோணும். அம்பது வருசத்துக்கு முந்தி பனியன் கம்பெனில வேல செஞ்ச பொம்பளைங்க போட்டோவ எங்கிருந்தோ தேடிப் புடிச்சுக் கொண்டாந்தீங்க, நல்ல சங்கதி. அதக் காயிதத்துல அடிச்சு மாட்டியிருந்தா நாங்க பாட்டுக்குப் பாத்துட்டுப் போயிருப்போம். நீங்க பனியன் துணில அடிச்சு, மொகம் தனி, செவுரு தனின்னு துண்டு துண்டா வெட்டி, கூடைல கொட்டி வெச்சுட்டீங்க. எடுத்துச் சேத்துங்க, படம் வரும், வெளையாட்டுன்னு மைக்குல சொன்னாங்களாமா. எங்க காதுல எங்க ஏறுச்சு? கூடையப் பாத்ததுமே எங்க கூட வேல செய்யற முத்தாயி மேசய ட்யூப்லைட்டுக்கு அடியில இழுத்துப் போட்டுட்டா.

அப்பறமென்ன, கோடு விழுந்தது, புள்ளி விழுந்தது, மங்குனது எல்லாம் ரிஜெக்சன். கறை எங்க இருக்குதோ அங்க ஒரு அம்பு ஸ்டிக்கரு. ஞாயித்துக்கெழம எதுக்கு ஸ்டிக்கரு எடுத்துட்டு வந்தீங்கன்னு கேக்காதீங்க, முத்தாயி பையில எப்பவும் கெடக்கும். நல்ல பீஸெல்லாம் டஜன் டஜனாக் கட்டி வெச்சுப்போட்டு, டீ எங்கன்னு வேற கேட்டோம்.

சாயங்காலம் கூட்டம் வந்து படத்தச் சேத்துனா செவுரு இருக்குது, சன்னலு இருக்குது, பொம்பளைங்களக் காணோம், அத்தன மொகமும் ரிஜெக்சன்ல கெடக்குது. நீங்க அந்தப் பக்கமாத் திரும்பிக் கண்ணத் தொடச்சதப் பாத்தனுங்க. எனக்கு ரொம்பச் சங்கட்டமாப் போச்சு.

சரிங்க, உங்க வெளையாட்டு, உங்க இஷ்டம். எல்லாத்தயும் தொடைங்க. ஒரே ஒரு பீஸ்ல மட்டும் கை வெக்காதீங்க. ரெண்டாவது வரிசைல, சன்னலுக்குப் பக்கத்துல, கன்னத்துல கறையோட ஒரு சின்னப்புள்ள நிப்பாளே, அது. ரிஜெக்சன்ல போட்டது நாந்தான்.

எங்கம்மாளும் அந்தக் கம்பெனிக்குத்தானுங்க கைமடி வேலைக்கு, டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கப் போனாளாம். நான் தொட்டில்ல கெடக்கறப்பவே போய்ச் சேந்துட்டா. ஊட்டுல ஒரு போட்டோ கெடையாது. உன்ற அம்மாளுக்கும் இதே எடத்துல மச்சம் சாமின்னு எங்கப்பன் சொல்லிட்டே இருப்பாரு. இன்னிக்குக் காத்தால தலை சீவறப்பக் கண்ணாடியப் பாத்தனுங்க. சீப்பு பாதீல நின்னு போச்சு.

அந்த ஸ்டிக்கர மட்டும் மெதுவா உரிங்க கண்ணு. கன்னத்து மேலயே ஒட்டிப்போட்டேன்.