குழம்பில் ஈயம்

ஹோலிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை மாலை, டெல்லியில் ஜனக்புரி போகும் மெட்ரோ. எதிர் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் திருநெல்வேலித் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். மகளை நியூசிலாந்தில் கட்டிக்கொடுத்திருப்பவர், தம் அண்ணன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“ஷாட்கன்னால சுட்ட முயல்னா ஒடம்பெல்லாம் பொடிக் குண்டு ஏறி, குழம்புல ஈயம் வரும், மைனி.”

“யாரு சொன்னா?”

“தோட்டத்தத் திங்குதுன்னு அங்க முயலச் சுடுவாங்க. போன தடவ சம்பந்தி சுட்டுக் கொண்டாந்தாரு, நான் குழம்பு வச்சேன். சாப்பிடயில அவருக்குப் பல்லு ஒடஞ்சு போச்சு. அரிசியில கல்லு பொறுக்கத் தெரியாதான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டாரு. துப்புனத எடுத்துப் பாத்தா, அவரு சுட்ட குண்டு.”

“காட்ட வேண்டியதுதான?”

“காட்டுனேன். கல்லுதான்னு சாதிச்சிட்டாரு. இந்தத் தடவ ஏர் ரைஃபிள்ல நானே சுட்டு, நானே சமைச்சு, அவரு தட்டுல வைக்கப் போறேன். தலையில ஒத்தக் குண்டு, கறியில ஒண்ணும் இருக்காது. தீவாளியில இருந்து சுடப் பழகுத ரேஞ்சுக்குப் போறேன்லா.”

“அச்சா. ஷாட்கன்னா ஓடுத முயலையும் அடிக்கலாம். ஒனக்காவ முயலு தலையக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குமாக்கும்?”

“உக்காருத முயலு வார வரைக்கும் நானும் உக்காந்திருப்பேன்.”

“வரலைன்னா?”

“ரிட்டர்ன் டிக்கெட்டத் தள்ளிப் போட்டாப் போச்சு.”