பழைய பிரேக் லைனர்

பொதட்டூர்பேட்டை பஸ் திருத்தணியை விட்டுக் கிளம்பியதும், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த அக்கா புருஷனிடம் சொன்னார்:

"புது லைனர் போட்டதும் என் வண்டியில பிரேக் சத்தம் நின்னுபோச்சு பாவா. அதான் பழைய லைனரையே மறுபடி மாட்டச் சொல்லி மெக்கானிக்காண்ட வுட்டுட்டு வரேன்."

"சத்தம் நின்னா நல்லதுதானே?"

"நேத்து சாயந்தரம் சத்தமே இல்லாம வூட்டு வாசல்ல நிறுத்தினேன். உள்ள பொண்டாட்டியும் புள்ளைங்களும் சிரிச்சிகினு இருந்தாங்க. எங்க வூட்ல அப்டி ஒரு சிரிப்பு நான் கேட்டதே இல்ல. உள்ள போனேன். டக்குனு நிறுத்திட்டாங்க."

"அதுக்கு?"

"இத்தினி வருசமா தெருமுனையில பிரேக் கத்தும்போதே நிறுத்திக்குவாங்க போலக்கீது. எனக்குத் தெரியாம இருந்துச்சு பாவா. அப்டியே இருக்கட்டும்."

பாவா டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தார்.