இரண்டு தண்ணீரில் கழுவிய காப்பிக்கொட்டை

பபேடானிலிருந்து மாவ்பி செல்லும் பேருந்தில், மாலை நான்கு இருபதுக்கு, என் முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா காப்பிக் கடை நடத்துபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“காப்பிக்கொட்டையை யாராவது கழுவுவாங்களாடா?”

“மண் வாசம் அடிச்சுதுக்கா. ரெண்டு தண்ணியில கழுவி வெயில்ல காயப் போட்டேன்.”

“அந்த வாசம்தான்டா சுமத்ரா காப்பி! அதைத் தேடித்தானே அங்கேயே போயி, அந்தத் தோட்டக்கார அம்மாவைப் பார்த்துட்டு வந்தேன். இந்த அறுவடைக்கு சாம்பிள் அனுப்பியிருக்காங்க. நான் வறுத்துக் குடிச்சுட்டு இன்னிக்குப் பதில் சொன்னாத்தான் எனக்கு மூட்டை எடுத்து வைப்பாங்க.”

“யபாதே அக்கா,” என்று பர்மிய மொழியில் சமாதானம் சொன்னார் தம்பி. “ஒண்ணும் ஆகாது. நல்லாருக்குன்னு சொல்லிடு.”

“குடிக்காமலா? போன தடவை ஒரு மூட்டை பூசணம் புடிச்சிருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அப்புறம்தான் அவங்க என்னை நம்புனாங்க. இப்ப உன் சுத்தத்துக்காக நான் பொய் சொல்லணுமா? நீயே சொல்லு.”

அக்கா அந்தத் தோட்டக்கார அம்மாவின் நம்பரை அழுத்தி, போனைத் தம்பியின் காதில் வைத்தார். தம்பி தடுமாறும் ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடா சொல்றாங்க?”

“வேற சாம்பிள் அனுப்புறாங்களாம். அதுவரைக்கும் மூட்டையை யாருக்கும் தர மாட்டாங்களாம்.”

“அவ்வளவுதானா?”

“இல்லக்கா. இப்ப அவங்க பாஷையில திட்டுறாங்க.”

“புரியுதா?”

“ஒரு வார்த்தையும் புரியல.”

“பரவாயில்ல. காதுலேருந்து எடுக்காதே, முழுசாக் கேளு.”