அடுப்பங்கரைக்குச் சிவப்பு

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர். அவர் வாங்கிய பெயிண்ட் டப்பாக்கள் ஐந்தும் என் கால்மாட்டில் இடித்தன.

"அடுப்பங்கரைக்குச் சிவப்பு அடிச்சா கதகதப்பா இருக்கும். அங்கல்லாம் அப்படித்தான்."

"அங்க விறகா எரிக்கறாங்க, மச்சான்?"

"இல்ல, கேஸ் அடுப்பு."

"நம்ம வீட்ல கதகதப்பு ஏற்கெனவே ஜாஸ்தி. புகைபோக்கி வைங்கன்னு மூணு வருசமா கடுதாசில எழுதினேனே."

"சுவரு சிவப்பா இருந்தா புகைக்கறை தெரியாது."

"செவப்புதான் பாக்கணும்னா என் கண்ணைப் பாருங்க."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு மைல்கற்கள் கடந்தன. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்ப மஞ்சளா மாத்திக்கிட்டு வரவா?"