வேலி தாண்டாத சோறு

காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உதவக்கூடாதென்று வெள்ளைக்காரன் எங்களைப் புது லயத்து வீடுகளில் வேலிபோட்டு அடைத்திருந்த காலம். காலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களைக் காவல்காரன் மடிவரை சோதனை போடும் முள்வேலி வாசல். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"புது லயத்துல தகரக் கூரை, பைப்புத் தண்ணி, எல்லாம் இருக்கு அக்கா. என் புள்ளதான் பழைய லயத்துப் பின்னாலயே கெடக்கான்."

"பொதச்ச புள்ளயத் தோண்டியா எடுத்துட்டு வர முடியும்?"

"இன்னிக்கு அவனுக்கு வருஷப் படையல். சோறு கட்டியிருக்கேன்."

"வேலிய விட்டுச் சோறு போகக்கூடாதுலா. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குன்னு புடிச்சிருவான்."

"என் புள்ளைக்குன்னு சொல்றேன்."

"புள்ளயக் காட்டும்பான்."

வரிசை நகர்ந்தது. சோறு கட்டியிருந்தவள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கவளத்தை வாயில் வைத்தவள் மெல்லாமல் நின்றாள்.

அக்கா கையை நீட்டினாள்.

"எனக்கும் குடு. ஒத்தையா தின்னா எறங்காது."